அப்படி யாரும் இங்கே இல்லை

தாராவியில் எங்கள் சந்துக்குள் வந்து யாராவது ஒரு பெயரைச் சொல்லி விசாரித்தால், எங்கள் ஆட்களிடமிருந்து வரும் பதில் ஒன்றுதான்: அப்படி யாரும் இங்கே இல்லை. கேட்பவர் காலில் ஷூ இருந்தால் பதில் இன்னும் வேகமாக வரும். கையில் காகிதமும் இருந்துவிட்டால், இருந்தார்கள், ரூமைக் காலி செய்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார்கள் என்று ஒரு வாலும் சேரும். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. முனிசிபாலிட்டிக்காரன், கடன் வசூலுக்கு வருகிறவன், போலீஸ் என்று ஷூ போட்டு வந்தவர்களில் நல்ல சேதி கொண்டுவந்தவர் எவரும் இல்லாததால் தானாகவே பழகிப்போனது. இதில் கூரியர்காரர்கள்தான் பாவம். என்னுடைய பரீட்சை ஹால் டிக்கெட்டைக்கூட அப்படி ஒரு பிள்ளை இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். தாதர் வரைக்கும் அலைந்து வாங்கிவந்து, அன்றைக்குச் சந்து முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினேன். யாரும் அசைந்துகொடுக்கவில்லை.

கத்தினாலும் உள்ளுக்குள் எனக்கு அது பிடித்திருந்தது. நம்மைத் தேடி எவன் வந்தாலும் முதலில் இத்தனை பேரைத் தாண்டித்தான் வர வேண்டும் என்கிற தைரியம் சாதாரணமானதல்ல. அப்பா போன பிறகு நானும் அம்மாவும் மட்டும் ஒரு சின்ன ரூமில் பயமில்லாமல் தூங்கியது அந்தத் தைரியத்தில்தான். இப்போது நான் மும்பை போலீஸில் கான்ஸ்டபிள். ஷூ போட்டவர்களில் ஒருத்தி. அந்தச் சந்து என்னை இன்னும் தன் பிள்ளையாக நினைக்கிறதா என்பது ஒன்றுதான் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

போலீஸில் சேர வேண்டும் என்று எனக்கு லட்சியமெல்லாம் கிடையாது. சயானில் ஆஸ்பத்திரிக்கு எதிரே ஒரு மருந்துக்கடையில் நின்றுகொண்டே வேலை செய்தேன். கால் கடுத்தது. அரசாங்க வேலை என்றால் ஒரு நாற்காலி கொடுப்பார்கள் என்று நினைத்தேன். போலீஸில் உட்காரவே விடமாட்டார்கள் என்று யாரும் சொல்லவில்லை. முனிசிபாலிட்டி பள்ளியில் தமிழில் ஆரம்பித்து, பிறகு மராத்திப் பள்ளிக்கு மாறியவள் என்பதால் எழுத்துத் தேர்வு பயம் இல்லை. ஓட்டம்தான் பயமாக இருந்தது. எங்கள் சந்தில் யாரும் ஓடிப் பழகியதில்லை, அதற்கு அங்கே இடமும் இல்லை. எனவே விடியற்காலையில் மாட்டுங்காவுக்கு நடந்துபோய் அங்குள்ள மைதானத்தைச் சுற்றிச் சுற்றி ஓடினேன்.

அந்த நேரத்தில் அந்தப் பக்கம் இட்லி விற்க வருவார் பக்கத்து வீட்டு மாமா. எங்களுக்கும் அவருக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். சொந்தம் எதுவும் இல்லை. மாமா என்றால் மாமா, அவர் மனைவி அத்தை, அவ்வளவுதான் கணக்கு. சைக்கிள் கேரியரில் இட்லிப் பாத்திரம், ஹேண்டில் பாரில் சட்னியும் சாம்பாரும். என்னைக் கண்டதும் ஹாரனை அமுக்கிக்கொண்டே வேலிக்கு அந்தப் பக்கம் சைக்கிளில் கூடவே வருவார்.

"ஓடுளா, ஓடு! பின்னால நாய் வருதுன்னு நெனச்சுக்கிட்டு ஓடு!"

"நாய் வரல மாமா, நீங்கதான் வாரீங்க!"

அங்கே காலை நடைக்கு வரும் ஆபீஸ் வீட்டு மாமிகள் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கு வெட்கமாக இருக்கும். ஓட்டம் முடிந்ததும் இலைத்துணுக்கில் இட்லி வைத்துத் தருவார். உடம்பில் சதை இல்லை என்றால் போலீஸில் எடுக்க மாட்டார்கள் என்பது அவருடைய கட்சி. அம்மா செம்பூரில் ஒரு வீட்டில் சமையல் வேலை செய்ததால் காலையில் எனக்கு ஆக்கிப்போட ஆள் இல்லை. அந்த இட்லியில் ஓடித்தான் தேறினேன் என்று சொன்னால் அது மிகை இல்லை.

தேறிய பிறகு ஒரு சடங்கு பாக்கி இருந்தது. வேலைக்கு எடுக்கப்போகிறவர் சொன்ன முகவரியில்தான் இருக்கிறாரா, நடத்தை எப்படி என்று லோக்கல் ஸ்டேஷனிலிருந்து ஒருவர் வந்து அக்கம்பக்கத்தில் விசாரிப்பார். இதை அம்மாவிடம் சொல்லியிருந்தேன். சந்தில் சொல்லி வைக்கத் தோன்றவில்லை. அந்த ஆள் ஒரு முற்பகலில் வந்தார். நான் மருந்துக்கடையில் இருந்தேன், அம்மா செம்பூரில் இருந்தாள். மாமா வியாபாரம் முடிந்து வந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், வெறுமனே சாத்திவிட்டுப் போகும் எங்கள் கதவில் எங்களுடையதல்லாத ஒரு பூட்டு தொங்கியது. நானும் அம்மாவும் முழித்துக்கொண்டு நின்றோம். அத்தை சாவியோடு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. பின்னாலேயே மாமா.

"ஒரு பாண்டு வந்தான்ளா, போலீஸ்காரன். மப்டிலதான் வந்தான், ஆனா கால்ல பிரவுன் ஷூ. எனக்குத் தெரியாதா? உன் பேரச் சொல்லிக் கேக்கான், உங்கப்பா பேரச் சொல்லிக் கேக்கான். நான் விடுவனா? அவனச் சந்து முக்குலயே நிப்பாட்டி, அந்தக் குடும்பம் திருநவேலிக்குப் போயி வருசமாச்சுன்னுட்டேன். அதுக்குள்ள உங்கத்தை ஓடிப்போயி பூட்டப் போட்டுட்டா. பூட்டின கதவ அவனே வந்து பாத்துட்டுப் போனான். நீ என்ன லஃப்டா பண்ணிட்டு வந்திருக்கன்னு நான் கேக்க மாட்டேன். தைரியமா இரு."

நான் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"மாமா, அவர் எனக்கு வேலை குடுக்கதுக்கு விசாரிக்க வந்தவரு."

"எது, மைதானத்துல ஓடினியே, அந்த வேலைக்கா?"

"போலீஸ் வேலைக்குத்தான்."

மாமா அத்தையைப் பார்த்தார். அத்தை கையிலிருந்த சாவியைப் பார்த்தாள். அம்மா அழ ஆரம்பித்தாள். எனக்கு மட்டும் எங்கிருந்தோ சிரிப்பு வந்து, அடக்க முடியாமல் வந்து, கடைசியில் அதுவும் அழுகையாகத்தான் முடிந்தது.

மறுநாள் நானும் அம்மாவும் ஸ்டேஷனுக்குப் போனோம். முகவரி பொய் என்று எழுதியாகிவிட்டது என்றார்கள். மாற்ற வேண்டுமானால் அப்படிச் சொன்ன ஆளே நேரில் வந்து சொல்ல வேண்டுமாம். மாமா அதுவரை ஸ்டேஷனுக்குள் போனதில்லை. அவருடைய சைக்கிள்தான் பறிமுதலாகி நாலைந்து முறை போயிருக்கிறது. அடுத்த நாள் என்னோடு இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். மேஜைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்று, தனக்குத் தெரிந்த இந்தியில், "சாப், ஜூட் போலா. லட்கி இதரிச் ரஹ்தி ஹை" என்றார். பொய் சொன்னேன், பெண் இங்கேதான் இருக்கிறாள் என்று அர்த்தம். ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டதற்குக் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஆதத் ஹை சாப்" என்றார். பழக்கமாம். அங்கிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். பிறகு, புத்தி வரட்டும் என்று மத்தியானம் வரை அங்கேயே உட்கார வைத்தார்கள். காக்கியில் யார் குறுக்கே போனாலும் அவர் எழுந்து நின்றார். டீ கொண்டுவந்தவனுக்கும் பதற்றத்தில் எழுந்து நின்றார். நான் பக்கத்திலேயே இருந்தேன். என்னால் தாங்க முடியவில்லை. "எனக்கு வேலையே வேண்டாம் மாமா, வாங்க போவோம்" என்றேன். "சும்மா இருளா, இங்க ஃபேன் நல்லா ஓடுது" என்றார்.

அறிக்கை திருத்தப்பட்டது. நான் உள்ளே போனேன்.

பயிற்சிப் பள்ளி, ரயிலில் மலையேறி இறங்கிப் போக வேண்டிய ஒரு ஊரில் இருந்தது. பெரிய ஹாலில் வரிசையாக இரும்புக் கட்டில்கள். சாத்தாராவிலிருந்தும் பீடிலிருந்தும் நாந்தேடிலிருந்தும் வந்த பெண்கள். வந்த ஒரு வாரத்துக்குள் ஜில்லா ஜில்லாவாகச் சேர்ந்துகொண்டார்கள். ஒரு ஜில்லாக்காரிகள் ஒரு கட்டிலில் உட்கார்ந்து அவர்கள் ஊர் மழையைப் பற்றிப் பேசுவார்கள், வீட்டிலிருந்து வந்த மிளகாய்த் துவையல் டேச்சாவைச் சோள ரொட்டி பாக்ரியோடு பகிர்ந்துகொள்வார்கள். என்னிடம், நீ எந்த ஊர் என்பார்கள். மும்பை என்பேன். அது சரி, நிஜமான ஊர் எது என்பார்கள். நான் சயான் ஆஸ்பத்திரியில் பிறந்தவள். திருநெல்வேலிக்குக் கல்யாணம் காட்சி என்று போனால் அங்கே எனக்குப் பெயர் பாம்பேக்காரி. இவர்களிடம் என்ன சொல்வது? மெட்ராஸ் பக்கம் என்று ஒரு நாள் சொல்லித் தொலைத்தேன். அன்றிலிருந்து மெட்ராஸிலிருந்து வந்து மராத்தி பேசும் அதிசயமாக என்னைப் பார்த்தார்கள். கெட்டவர்கள் இல்லை. குளிர் ஆரம்பித்தபோது ஒருத்தி தன்னிடம் இருந்த இரண்டாவது போர்வையை எனக்குக் கொடுத்தாள். ஆனால் அவர்கள் கட்டிலில் எனக்கு இடம் இல்லை. என் கட்டிலுக்கும் யாரும் வரவில்லை.

பகல் எப்படியோ ஓடிவிடும். சாவ்தான் என்றால் விறைத்து, விஷ்ராம் என்றால் தளர்ந்து, ஓடு என்றால் ஓடி, சட்டப்பிரிவுகளை மனப்பாடம் செய்து, கவலைப்பட நேரம் இருக்காது. சாயங்காலம் துணி துவைக்கிற நேரம்தான் கொடுமை. எல்லோரும் பேசிக்கொண்டே துவைப்பார்கள். நான் ஒரு குழாயடியில் தனியாக நின்று தமிழில் பேசிக்கொண்டே துவைப்பேன். பேச்சு என்றால் பெரும்பாலும் டிரில் மாஸ்டரைத் திட்டுவதுதான். நெல்லைத் தமிழில் திட்டுவதற்கென்றே அவ்வளவு நல்ல வார்த்தைகள் இருக்கின்றன, அதை மராத்தியில் செய்து பார்த்தால் பாதி காரம் போய்விடும். ஒருத்தி அதைக் கேட்டுவிட்டு, இந்தப் பெண் தனக்குத்தானே மந்திரம் சொல்கிறாள் என்று பொறுப்பு மேடத்திடம் சொல்லிவிட்டாள். கூப்பிட்டு விசாரித்தார்கள். பிரார்த்தனை என்று சொன்னேன். நல்லது, தொடர்ந்து செய் என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கொஞ்ச நேரம் போன் தருவார்கள். அம்மாவுக்குப் போனில் பேசத் தெரியாது. சாப்பிட்டியா, உடம்பு நல்லா இருக்கா, வச்சிரட்டா? அவ்வளவில் முடிந்துவிடும். ஒரு ஞாயிறு, "எதுவும் பேச வேண்டாம்மா, போன அப்படியே வாசல்ல வை" என்றேன். வைத்தாள். மாமா வீட்டு கிரைண்டர் ஓடியது. அத்தை யாரையோ ஏசிக்கொண்டிருந்தாள். ஏதோ ஒரு வீட்டில் குக்கர் கத்தியது. கொடுத்த நேரம் முழுக்க அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். என் வரிசையில் பின்னால் நின்றவள், யாரிடமும் பேசாமல் போனைக் காதில் வைத்துக்கொண்டு இவள் ஏன் அழுகிறாள் என்று பார்த்தாள். அந்த மாதங்களை அந்தச் சந்துக்குத் திரும்பிப் போகப்போகிறேன் என்கிற ஒரே நினைப்பில்தான் கடத்தினேன்.

பயிற்சி முடிந்த அணிவகுப்புக்கு அம்மா மட்டும் வந்தாள். மாமா கொடுத்துவிட்ட இட்லி ரயிலிலேயே புளித்துவிட்டது. ஒன்றுவிடாமல் தின்றேன்.

திரும்பிய அன்று யூனிஃபார்மிலேயே சந்துக்குள் நுழைந்தேன். காட்டிக்கொள்ள வேண்டும் என்ற ஆசைதான், வேறென்ன. முக்கில் கேரம் ஆடிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். கீரை ஆய்ந்துகொண்டிருந்த பெண்கள் பேச்சை நிறுத்தி, "வாங்க" என்றார்கள். நான் விளையாட்டு என்று நினைத்து, "என்ன, புதுசா மரியாதை எல்லாம்?" என்று சிரித்தேன். யாரும் திருப்பிச் சிரிக்கவில்லை. நான் தாண்டிப் போன பிறகு பேச்சு மறுபடி தொடங்கியது, வேறு குரலில்.

அவர்களைக் குறை சொல்லி என்ன செய்வது? எங்கள் சந்தில் சட்டப்படி உள்ளே வருவது வெயில் ஒன்றுதான், அதுவும் உச்சிப்பொழுதில் கொஞ்ச நேரம். கரண்டு எந்தக் கம்பத்திலிருந்து வருகிறது, தண்ணீர்க் குழாயில் யார் மோட்டார் போடுகிறார்கள், யார் வீட்டு மாடி அனுமதி இல்லாமல் ஏறியது என்று எல்லாம் எனக்குத் தெரியும். நானும் அதே கரண்டில்தான் படித்தேன். ஆனால் இப்போது அது எனக்குத் தெரியும் என்பதே அவர்களுக்குத் தொந்தரவாகிவிட்டது. எங்கள் வாசலில் வந்து உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிற பெண்கள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். அம்மா என்னிடம் எதுவும் சொல்லவில்லை. ஒரு நாள் மட்டும், "ஒன் காக்கிய வெளிய காயப்போட வேண்டாம், நாலு பேரு கண்ல பட்டுக்கிட்டே இருக்கும்" என்றாள். அன்றிலிருந்து அதை ரூமுக்குள் கொடி கட்டிக் காயப்போட்டோம். மழைக்காலத்தில் அது காயவே காயாது. ஈர வாடையோடு டூட்டிக்குப் போவேன்.

மாமாவும் மாறிவிட்டார் என்பதுதான் எனக்கு வலித்தது. நான் வீட்டில் இருக்கும் நேரத்தில் அவரைப் பார்ப்பதே அரிதானது. சைக்கிளைச் சந்தின் மறுமுனை வழியாகக் கொண்டுபோக ஆரம்பித்தார். எதிர்ப்பட்டால், "டூட்டியா?" என்பார். ஆமாம் என்பதற்குள் போயிருப்பார். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் பேசுவது கேட்கும். நான் இருமினால் குரல் தணியும்.

கொஞ்ச காலம் ஊரெல்லாம் பந்தோபஸ்து நின்ற பிறகு, எங்கள் பகுதி ஸ்டேஷனிலேயே என்னைப் போட்டார்கள். தமிழ் தெரிந்த பெண் என்பதால் எனக்கு வந்த வேலை, ஆள் தேடுவது. பாஸ்போர்ட் விசாரணை, கோர்ட் சம்மன், எதுவானாலும் தமிழ்ச் சந்து என்றால் நான்தான். அதில் எனக்கு நல்ல பெயர். மற்றவர்கள் இல்லை என்ற பதிலைக் கேட்டுவிட்டுத் திரும்பி வருவார்கள். எனக்கு அந்தப் பதிலை எப்படிக் கேட்க வேண்டும் என்று தெரியும். நெற்றியைச் சுருக்கி யோசித்து, "அப்படி யாரும் இருக்கற மாதிரி தெரியலையே" என்றால் நிஜமாகவே ஆள் இல்லை. யோசிக்காமல் சொன்னால் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். இன்ஸ்பெக்டர் சாகேப் எல்லோர் முன்னிலையிலும் என்னைப் பாராட்டினார். பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். அந்தப் பெருமையை வீட்டில் போய்ச் சொல்ல முடியவில்லை.

ஒரு மழைநாள் மத்தியானம் சாகேப் கூப்பிட்டு ஒரு வாரண்டைக் கொடுத்தார். பெயரைப் படித்தேன். மாமாவின் பெயர்.

விஷயம் சின்னதுதான். நான் பயிற்சியில் இருந்தபோது மாட்டுங்கா ஸ்டேஷன் பக்கம் முனிசிபாலிட்டி வண்டி வந்து அவருடைய சைக்கிளை எடுத்திருக்கிறது. மாமா கேரியரைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. இழுபறியில் முனிசிபாலிட்டி ஆள் ஒருவன் கீழே விழுந்துவிட்டான். அரசாங்க வேலைக்கு இடைஞ்சல் என்று கேஸ். கோர்ட்டுக்குப் போனால் அன்றைக்கு மாவு வீணாகும் என்று மாமா ஒவ்வொரு வாய்தாவுக்கும் போகாமல் இருந்திருக்கிறார். கடைசியில் பிடித்துக் கொண்டுவரச் சொல்லி வாரண்ட். மாமா சந்தின் மறுமுனையில் ஏன் போனார் என்று அப்போதுதான் புரிந்தது. அம்மாவுக்குக்கூட இது தெரியும் என்று பிறகு தெரிந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் நடந்தது எனக்கு மட்டும் தெரியாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

"சாகேப், இவர் என் பக்கத்து வீட்டுக்காரர்" என்றேன்.

"அதனால்தான் உன்னை அனுப்புகிறேன். நீ போனால் சத்தம் இல்லாமல் வருவார்" என்றார் மராத்தியில்.

என்னோடு சாத்தாராக்காரக் கான்ஸ்டபிள் ஒருவர் வந்தார். தமிழில் ஒரு வார்த்தை தெரியாது, அமைதியான மனிதர். சந்துக்குள் நுழைந்தோம். அத்தை வாசலில் இட்லித் துணிகளை அலசிக்கொண்டிருந்தாள். முதலில் என் ஷூவைப் பார்த்தாள். பிறகு முகத்தைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்து அவர் பெயரைச் சொல்லக்கூட இல்லை.

"அப்படி யாரும் இங்க இல்ல" என்றாள். கொஞ்சம் விட்டு, "ஊருக்குப் போயிட்டாரு" என்றாள்.

பிறந்த என்னை ஆஸ்பத்திரியிலிருந்து துணியில் சுற்றித் தூக்கிவந்தவள் அவள். என் கதவில் பூட்டு மாட்டி என்னைக் காப்பாற்றியவள். அவள் வாயிலிருந்து எனக்கும் அதே பதில். யோசிக்காமல் சொன்னாள். எனவே மாமா உள்ளேதான் இருந்தார்.

சாத்தாராக்காரர், என்ன சொல்கிறாள் என்று கேட்டார். "ஊருக்குப் போய்விட்டார் என்று சொல்கிறார்" என்றேன் மராத்தியில். அவள் சொன்னதைத்தான் சொன்னேன். உண்மையா என்று அவர் அடுத்துக் கேட்டார். அதற்கு நான் என்ன பதில் சொல்லியிருப்பேன் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அதற்குள் உள்ளே மாடிக்குப் போகும் மர ஏணி கிறீச்சிட்டது.

என் குரல் மேலே கேட்டிருக்கிறது. மாமா பனியனோடு இறங்கி வந்தார். முகம் மலர்ந்திருந்தது.

"ஏளா, நீயா? நான் வேற எவனோ போலீசுன்னுல்லா நெனச்சேன்!" அத்தையைப் பார்த்து, "நம்ம பிள்ளகிட்டப் போயி என்னட்டி சொல்லுத?" என்று ஏசினார்.

நம்ம பிள்ளை. பயிற்சியிலிருந்து திரும்பிய நாள் முதல் எந்த ஒரு வார்த்தைக்காக நான் அந்தச் சந்தில் நடமாடினேனோ அதை அவர் சொல்லிவிட்டார். என் கையில் அவருடைய வாரண்ட் இருந்தது. அவ்வளவு சந்தோஷமும் அவ்வளவு கேவலமும் ஒரே நேரத்தில் எனக்கு வேறெப்போதும் வந்ததில்லை.

"மாமா, ஒங்க பேர்ல வாரண்ட் வந்திருக்கு. ஸ்டேஷனுக்கு வரணும். நாளைக்குக் காலைல கோர்ட்" என்றேன். தெளிவாகத்தான் சொன்னேன்.

"வாரேன், வாரேன். சட்டயப் போட்டுக்கிட்டு வாரேன்" என்று கண்ணைச் சிமிட்டினார். அத்தை சிமிட்டவில்லை. அவளுக்கு அப்போதே புரிந்துவிட்டது. உள்ளே போய் அவருடைய சட்டையை எடுத்துவந்து கொடுத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் மறுபடி துணியை அலச உட்கார்ந்தாள்.

மழை விட்டிருந்தது. நானும் மாமாவும் முன்னால் நடந்தோம், சாத்தாராக்காரர் பின்னால் வந்தார். விலங்கு எதுவும் இல்லை. மாமா பேச ஆரம்பித்தார். ஓராண்டுக்கு மேல் எனக்கு யாரும் சொல்லாமல் வைத்திருந்த செய்தியெல்லாம் வந்தது. மூன்றாவது வீட்டுப் பெண் சுனாபட்டியில் ஒரு பையனைப் பார்த்து வைத்திருக்கிறாளாம், அவள் அப்பாவைத் தவிர எல்லோருக்கும் தெரியுமாம். கேரம் ஆடுகிற கூட்டத்தில் ஒருவன் துபாய்க்குப் போகிறேன் என்று விருந்து வைத்துவிட்டுப் போகாமல் செம்பூரில் ஒளிந்திருக்கிறானாம். புது வீடு தருவதற்காகச் சர்வேக்காரர்கள் கதவில் எழுதிவிட்டுப் போன நம்பரை ஒரு வீட்டுக்காரி விளக்கித் துடைத்துவிட்டாளாம். நான் தெருவென்றும் பாராமல் சிரித்தேன். யூனிஃபார்மில் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் முறை. ஸ்டேஷன் அவ்வளவு பக்கத்தில் இருக்கிறதே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. நடையைக் குறைத்தேன். அவரும் குறைத்தார்.

ஒரு கல்யாண வீட்டில் கறிக்குழம்புக்காக நடந்த சண்டையைச் சொல்லிக்கொண்டு வந்தவர், பாதியில் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சரி, எந்த முக்குல விடுவ? சிக்னல்லயா? அந்தத் தம்பிக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்து நிப்பாட்டு. நான் அப்படியே நழுவிருதேன்."

"மாமா, விட முடியாது. வீட்லயே சொன்னேன்லா. ஸ்டேஷனுக்குத்தான் போறோம்."

அவர் சிரித்தார். "அவன் காதுல விழட்டும்னு சத்தமாச் சொல்லுத. வெவரமாயிட்டளா நீ."

"அவருக்குத் தமிழ் தெரியாது மாமா."

 மாமா பின்னால் வந்தவரை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். பிறகு, "ஆமா, அந்தக் கல்யாணத்துல..." என்று ஆரம்பித்து, தொடராமல் விட்டுவிட்டார். சிக்னல் வந்தது. அதைத் தாண்டினோம். அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து நடக்கவில்லை. அவர் ஓர் அடி முன்னால் போனார்.

ஸ்டேஷனில் எழுதிக்கொண்டிருந்தவர் விவரம் கேட்டார். வேண்டுமானால் மொழிபெயர்க்கலாம் என்று நான் பக்கத்தில் நின்றேன். தேவைப்படவில்லை. பெயர், அப்பா பெயர், வயது, தொழில் என்று எல்லாவற்றுக்கும் மாமா இந்தியிலேயே பதில் சொன்னார். எழுதி முடிந்ததும் என் பக்கம் திரும்பினார். கண் என் முகத்துக்கு வரவில்லை, சட்டைப் பைக்கு மேல் இருந்த பெயர்ப்பட்டையோடு நின்றுவிட்டது.

"மேடம், தோடா பானி மிலேகா?"

என்னுடைய தண்ணீர் பாட்டிலையே கொண்டுவந்து கொடுத்தேன். உதட்டில் படாமல் அண்ணாந்து குடித்துவிட்டு, மூடியைத் திருகித் திருப்பிக் கொடுத்தார். தமிழில் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நின்றேன். அதற்குள் அவரை உள்ளே கூட்டிப்போனார்கள்.

மறுநாள் கோர்ட்டில் நீதிபதி எச்சரித்து விட்டுவிட்டார். மத்தியானமே மாமா வீடு வந்து சேர்ந்தார், அடுத்த நாள் காலை கிரைண்டர் ஓடியது. அவருக்கு ஒரு கெடுதலும் வரவில்லை. சட்டம் என்ன சொன்னதோ அதைத்தான் செய்தேன், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அத்தை கட்டாயம் வருவாள், நடுச்சந்தில் நிறுத்தி என்னை நாறடிப்பாள், நானும் பதிலுக்குப் பதில் கொடுப்பேன், அம்மா குறுக்கே வந்து இருவரையும் பிடித்துத் தள்ளுவாள் என்று எதிர்பார்த்தேன். என்ன பேச வேண்டும் என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். அந்த வாரம் டூட்டி இல்லாத நேரமெல்லாம் கதவைத் திறந்து போட்டுக்கொண்டு வாசலுக்கு நேராக உட்கார்ந்திருந்தேன். அத்தை போகும்போதும் வரும்போதும் நின்று, ஒதுங்கி, எனக்கு வணக்கம் வைத்துவிட்டுப் போனாள்.